சிறிய துப்பாக்கியா, பெரிய துப்பாக்கியா? வணிகர்கள் யோசிக்க வேண்டியது



சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் இளைய உறுப்பினர்கள் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, உங்களிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதே, நாங்களும் மனுப் போடலாம் என்றிருக்கிறோம். சட்டைக்குள் தெரியாமல் இருக்கிற மாதிரிச் சின்னதாக வாங்குவதா, கை நிறையப் பிடிக்கிற மாதிரிப் பெரியதாக வாங்குவதா?" பத்துப் பேருக்குத் தனித்தனியே பதில் சொல்வதைவிட, நமது இதழில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

நான் மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரி. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்துவிட்டவன். ஏறத்தாழ முப்பது வருடமாக .32 ரிவால்வர் ஒன்றுக்கு உரிமம் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அதை ஒரு மனிதனை நோக்கி நீட்டியதில்லை. நீட்டவேண்டிய நிலைமையும் வரவில்லை. ஆகவே இதில் வீரக்கதை எதுவும் கிடையாது. சரக்கு வாங்குகிறவன் சரக்கின் நிறை குறையைச் சொல்வது போலத்தான் சொல்லப்போகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

எந்தச் சரக்கானாலும் முதலில் சட்டத்தைப் பார்ப்பது வணிகனுக்கு அழகு. துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பொருந்தும். 21 வயது நிறைந்தவர்தான் உரிமம் கேட்கலாம். மாவட்டத்தில் ஆட்சியர், மாநகரத்தில் காவல் ஆணையர் என்று மனு போகும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016 விதிகளின்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தால் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமாக நீண்டது.

நமது கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விதி வேறொன்று. கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்கிறவர், அதற்கென்று செய்யப்பட்ட உறையில் போட்டு உடலோடு கட்டியிருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். எப்படி வைத்தாலும் அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எந்நேரமும் அவரது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. இடுப்பில் செருகிப் பிடி வெளியே தெரியும்படி நடந்தால் மிடுக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். அது மிடுக்கு அல்ல, விதிமீறல். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆக, மறைத்து எடுத்துச் செல்வது நம் நாட்டில் ஒருவரது விருப்பம் அல்ல, சட்டப்படியான கடமை. அதனால்தான் சிறியதா, பெரியதா என்ற கேள்விக்கே இடம் வருகிறது.

வெளிநாட்டுக் கணக்கு நமக்கு ஒத்துவராது

இந்தக் கேள்வி பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே பல மாநிலங்களில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆகவே கடைகளில் சட்டை அளவு மாதிரிப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று அடுக்கி வைத்து விற்கிறார்கள். ஆஸ்திரியா நாட்டு க்ளாக் கம்பெனியின் பிஸ்டல்களை எடுத்துக்கொண்டால், 1980-களின் தொடக்கத்தில் வந்த 17-ஆம் மாதிரி முழு அளவு. குழல் 114 மி.மீ., 17 தோட்டா. 1988-ல் வந்த 19-ஆம் மாதிரி நடுத்தரம்; குழல் 102 மி.மீ., 15 தோட்டா. 2015-ல் வந்த 43-ஆம் மாதிரி தட்டையான சிறிய ரகம், 6 தோட்டா. 2018-ல் ஸிக் கம்பெனி கொண்டுவந்த பி-365 என்ற சிறிய பிஸ்டலில் 10 தோட்டா பிடித்தது. அதிலிருந்து சிறியதென்றால் தோட்டா குறைவு என்ற பழைய குறையும் ஓரளவு தீர்ந்தது.

இவற்றைப் படித்துவிட்டு நம் பையன்கள் க்ளாக்கா, ஸிக்கா என்று பேசிக்கொள்கிறார்கள். இவையெல்லாம் 9 மி.மீ. ரகம். நம் நாட்டில் 9 மி.மீ., .38 ஆகியவை படைக்கும் போலீசுக்கும் ஒதுக்கப்பட்ட அளவுகள். சாதாரண உரிமத்தில் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது .32, .22 ஆகியவைதான். இறக்குமதியும் 1980-களிலிருந்து தனியாருக்கு அடைபட்டுவிட்டது. அதற்கு முன் வந்த வெப்ளி, வால்தர் போன்ற பழைய சரக்குகள்தான் கை மாறிக் கை மாறி லட்சக்கணக்கில் விலை போகின்றன. அந்தப் பணத்தைப் பெயருக்குக் கொடுக்கிறோமே ஒழிய, துப்பாக்கிக்கு அல்ல.

நமக்குக் கிடைப்பவை

அரசுத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் முதல் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. கைத்துப்பாக்கி செய்கிற தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் வந்தன. நமது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதன் கீழ்தான் வருகிறது.

மிகச் சிறியது "நிடர்" என்ற .22 ரிவால்வர். எடை சுமார் 250 கிராம். கால் கிலோப் பொட்டலம்தான். அடுத்தது 2014-ல் வந்த "நிர்பீக்". .32 ரகம், டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம். பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரம் செய்தார்கள். வந்தபோது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். வழக்கமான .32 ரிவால்வர் முக்கால் கிலோவை ஒட்டி வரும். குழல் நீண்ட "அன்மோல்" மாதிரியும் உண்டு. 2023 ஆகஸ்டில் "பிரபல்" என்ற .32 ரிவால்வர் வந்தது. குழல் 76 மி.மீ., எடை சுமார் 700 கிராம், 50 மீட்டர் தூரம் வரை சுடலாம் என்று அறிவித்தார்கள். பழைய ரகத்தை நடுவில் ஒடித்துத் தோட்டா போட வேண்டும். இதில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். பிஸ்டல் வேண்டுவோருக்கு "அஷானி" என்ற .32 ரகமும் இருக்கிறது.

ஆகவே அமெரிக்கர்கள் முழு அளவு என்று சொல்கிற பெரிய உருப்படி நம் சந்தையில் அநேகமாகக் கிடையாது. நமது "பெரியது" அவர்களுடைய நடுத்தரம். நம்முன் உள்ள கேள்வி, கால் கிலோவா, அரைக் கிலோவா, முக்கால் கிலோவா என்பதுதான்.

சிறியதன் லாப நட்டம்

சிறியதன் லாபம் எல்லோருக்கும் தெரியும்: மறைப்பது சுலபம், சுமப்பது சுலபம். கனமான பொருளை முதல் வாரம் கட்டிக்கொண்டு போவோம்; இரண்டாம் வாரம் மேசை டிராயரில் வைப்போம்; மூன்றாம் வாரம் பீரோவுக்குப் போய்விடும். பீரோவில் இருக்கிற துப்பாக்கி பஸ் ஸ்டாண்டில் உதவாது. இந்த ஒரு விஷயத்தில் சிறியதற்கே வெற்றி.

ஆனால் நட்டக் கணக்கையும் எழுத வேண்டுமல்லவா?

முதலாவது, குறி. துப்பாக்கியின் முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் கண்ணுக்கு அளவுகோல். நீளமான தண்டுள்ள தராசு சிறு வித்தியாசத்தையும் காட்டும். குட்டைத் தராசு மழுப்பும். அதே கதைதான். குறிமுனைகளுக்கு இடையே 120 மி.மீ. உள்ள துப்பாக்கியில் ஒரு மி.மீ. பிசகினால், ஏழு மீட்டர் தூரத்தில் தோட்டா சுமார் 58 மி.மீ. விலகும். 160 மி.மீ. உள்ளதில் அதே பிசகு 44 மி.மீ. ஆகும். பயத்தில் நடுங்குகிற கைக்கு ஒரு மி.மீ. பிசகு எம்மாத்திரம்? ஐந்து மி.மீ. கூட வரும்.

இரண்டாவது, பிடி. சிறியதில் சுண்டு விரலுக்கு இடமிருக்காது. மூட்டை தூக்கிப் பழகிய நம் கைக்கு அது பொம்மையைப் பிடித்தாற்போல் இருக்கும். அவசரத்தில் சரியான பிடி அமையாது.

மூன்றாவது, உதைப்பு. ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் போட்டால் உதைப்பு அதிகம் தெரியும். அமெரிக்கர்கள் இதைத்தான் பெரிய குறையாகச் சொல்வார்கள். நமது .32 தோட்டா சாதுவானது என்பதால் அந்தக் குறை நமக்குப் பாதிதான். நியாயத்தைச் சொல்ல வேண்டும்.

நான்காவது, வலு. .22 தோட்டா மெலிந்தது. அந்த வகைத் தோட்டாவில் மருந்து விளிம்பில் இருப்பதால், விசையை இழுத்தும் வெடிக்காமல் போவது மற்ற ரகங்களைவிட அதிகம். உயிர் காக்க என்று வாங்குகிற பொருளில் இந்தச் சிக்கனம் தேவையில்லை.

நமது உடையும் வெயிலும்

இனி யாரும் எழுதாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரன் கோட்டுக்குள் மறைக்கிறான். நாம் வேட்டியும் மெல்லிய வெள்ளைச் சட்டையும் போடுகிறவர்கள். துணிப்பட்டையான வேட்டி பெல்ட்டில் உறையை மாட்டினால் கனம் தாங்காமல் தொய்ந்து தொங்கும். மாடிப்படி ஏறினால் முழங்காலில் இடிக்கும். குனிந்து மூட்டையைப் பார்த்தால் பின்னால் சட்டை புடைக்கும். முக்கால் கிலோ ரிவால்வரைச் சுமக்க வேண்டுமானால் விறைப்பான தோல் பெல்ட்டும், பேண்டும், சட்டையை வெளியே விட்டுப் போடுகிற பழக்கமும் வேண்டும். அதற்குச் சம்மதமில்லாதவர் துப்பாக்கி வாங்குவதே வீண்.

பேண்ட் பாக்கெட்டில் சும்மா போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. அதே பாக்கெட்டில் கடைச் சாவியும் சில்லறையும் இருக்கும். சாவி விசையில் மாட்டினால் தொடையில்தான் குண்டு பாயும். விசையை முழுதாக மூடுகிற உறை இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் உடலோடு வைக்கக் கூடாது.

வெயிலையும் மறக்கக் கூடாது. சித்திரை வைகாசி வேர்வையில் ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும். எங்கள் மண்டியில் மிளகாய்த் தூசு வேறு. சிறிய துப்பாக்கி உடம்போடு ஒட்டியே இருப்பதால் வேர்வை அதற்குத்தான் அதிகம். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுகிற பொறுமை இல்லாதவருக்கு எந்த அளவும் உதவாது.

சரி, பையில் வைக்கலாமே? விதியும் பையை அனுமதிக்கிறது. இங்கேதான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வழிப்பறிக்காரன் முதலில் பிடிப்பது பையைத்தான். பணமும் துப்பாக்கியும் ஒரே பையில் இருந்தால் இரண்டும் ஒரே இழுப்பில் போய்விடும். பணம் போனால் நம்மோடு போயிற்று. துப்பாக்கி போனால் அது யார் கையில் போய் என்ன செய்யுமோ? போலீசில் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு அலைய வேண்டும். அடுத்த உரிமமும் சந்தேகம். ஆகவே துப்பாக்கி உடம்பில், பணம் வேறிடத்தில். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

எனது முடிவு

மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என் பதில் இது. உரிமம் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் மிகச் சிறியதை வாங்க வேண்டாம். மூன்று அங்குலக் குழலை ஒட்டிய .32 ரிவால்வர், முக்கால் கிலோவுக்கு உட்பட்டது, போதும். நீண்ட குழல் வீட்டிலும் கிட்டங்கியிலும் வைத்துக்கொள்பவருக்கு. நடமாடுகிறவருக்கு நடுத்தரம். பிஸ்டலைவிட ரிவால்வர் நம்மவர்களுக்கு ஏற்றது என்றும் சொல்வேன். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று உருளையைப் பார்த்தாலே தெரியும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலில் சிக்கிக்கொண்டால் எடுத்துவிடப் பழக்கம் வேண்டும்.

இதைவிட முக்கியமான அளவுகோல் ஒன்று உண்டு. மாவட்ட ரைபிள் கிளப்பில் போய்ப் பயிற்சி எடுக்கும்போது எது உங்கள் கைக்குக் கட்டுப்படுகிறதோ அதுதான் உங்கள் அளவு. உரிமத்தில் எழுதியுள்ள தோட்டா எண்ணிக்கைக்குள்தான் பழக முடியும். பழகாத பெரிய துப்பாக்கியைவிடப் பழகிய சிறிய துப்பாக்கி மேல். இரண்டையுமே பழகாதவர் வெறுங்கையோடு போவது அதைவிட மேல்.

ஆனால் கேள்வி அதோடு முடிகிறதா?

இத்தோடு நிறுத்தினால் துப்பாக்கிக் கடைக்காரருக்கு விளம்பரம் எழுதியவன் ஆவேன். எனவே மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிறியதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், தவறென்று படுகிறவர்கள் அடுத்த இதழில் மறுத்து எழுதலாம்.

ஒன்று, நேரம். 1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் என்பவர், கத்தியோடு ஓடிவருகிற ஒருவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்று செய்து காட்டி எழுதினார். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்புறையிலிருந்து எடுத்துச் சுடவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். சட்டைக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிற அறுபது வயது வியாபாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஊரில் வழிப்பறிக்காரன் 21 அடி தள்ளி நின்று சவால் விடுவதில்லை. பின்னால் பைக்கில் வந்து இடித்துத் தள்ளுகிறான், அல்லது கண்ணில் மிளகாய்ப் பொடியை வீசுகிறான். மிளகாய் வியாபாரியான எனக்கே அதற்கு மாற்று தெரியாது. அந்த நேரத்தில் குழல் மூன்று அங்குலமா நான்கு அங்குலமா என்பது எந்தக் கணக்கிலும் வராது.

இரண்டு, சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் உள்ளது. அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. கொள்ளையைத் தடுக்க உயிர்ச்சேதம் வரை போகலாம் என்பதற்கு 41-ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால், பணம் இரண்டு லட்சம் திரும்பி வரலாம். கொலை வழக்கு எத்தனை வருடம் நடக்கும் என்று யார் சொல்வது? கடைத்தெருவில் சுட்ட குண்டு திருடனை விட்டுவிட்டு எதிர்க்கடைப் பையன்மேல் பட்டால் நாம் எந்த முகத்தோடு கடை திறப்பது?

மூன்று, எல்லை. உரிமத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் குண்டூர் கொள்முதலுக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நமக்கு அதிகப் பணம் புழங்குகிற பயணமே அதுதான்.

நான்கு, தேர்தல். பாராளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அதே மாதங்களில்தான் பறக்கும் படை 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோகிற பணத்தைப் பிடித்து வைக்கிறது. நமது பாதுகாப்பு ஏற்பாடு தேர்தலுக்குத் தேர்தல் விடுமுறை எடுக்கலாமா?

ஐந்து, வீடு. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள். நமது தொழிலில் கடன் நெருக்கடி வராத வீடு எது? செக் திரும்பி வந்த இரவில், மனம் உடைந்த மனிதனுக்குக் கை எட்டுகிற தூரத்தில் அப்படியொரு பொருள் இருப்பது நல்லதல்ல. பேரக் குழந்தைகள் ஓடியாடுகிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆறாவது காரணம்தான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. நம்மில் வழிப்பறிக்கு அதிகம் ஆளாகிறவர் யார்? முதலாளியா? இல்லை. சாயங்காலம் லைன் வசூலுக்கு டி.வி.எஸ். வண்டியில் போகிற பையன். பாங்கிக்குப் பணம் கட்டப் போகிற கணக்குப்பிள்ளை. சரக்கு இறக்கிவிட்டு ரொக்கம் வாங்கி வருகிற டிரைவர். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் துப்பாக்கியை எடுத்துச் செல்ல வேண்டும். குமாஸ்தா கையில் கொடுத்தனுப்பக் கூடாது. ஆக, பணம் அவன் பையில், துப்பாக்கி நம் இடுப்பில். ஆபத்து ரோட்டில் போகிறது, பாதுகாப்பு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு வருகிற பையன் நம் பணத்துக்காக வெட்டு வாங்கினால், நமது இடுப்பில் இருந்தது சிறியதா பெரியதா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

என்ன செய்யலாம்?

ரொக்கம் குறைந்தால் ஆபத்து குறையும். வருமான வரிச் சட்டமும் அந்த வழியில்தான் நம்மைத் தள்ளுகிறது. 2017 முதல் ஒரே ஆளிடம் ஒரு நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே ஆளுக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் ஏறாது. விவசாயியிடம் நேரடியாக வாங்குகிற விளைபொருளுக்கு இதில் விலக்கு உண்டு என்பதால் மண்டிக்காரர்களுக்கு ரொக்கம் முழுவதும் ஒழியாது என்பதை அறிவேன். ஆனால் சில்லறைக் கடை வசூலை 2016-ல் வந்த யு.பி.ஐ. மூலம் வாங்குவதற்கு என்ன தடை? பெட்டிக்கடைக்காரரே அட்டையில் கோடு போட்ட சதுரத்தை மாட்டி வைத்திருக்கிறார். அவரிடம் பணம் வாங்க நாம் பையனைப் பையோடு அனுப்புகிறோம்.

மீதமுள்ள ரொக்கத்துக்குச் சில பழக்கங்கள் போதும். வசூல் நாளையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு இன்ன தெரு என்று ஊருக்கே தெரிந்திருந்தால் திருடனுக்கும் தெரியும். இருட்டுவதற்குள் முடியுங்கள். பெரிய தொகை என்றால் இரண்டு பேராகப் போகச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்தவுடன் நடுவழியிலேயே பாங்கி டெபாசிட் மெஷினில் கட்டிவிடச் சொல்லுங்கள். கடைக்கும் பாங்கிக்கும் இடையே போகிற பணத்துக்குப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளில் "மணி இன்சூரன்ஸ்" பாலிசி உண்டு. ஊழியர் கையில் இருக்கும்போது போனாலும் நிபந்தனைக்கு உட்பட்டு ஈடு கிடைக்கும். துப்பாக்கிக்குச் செலவழிக்கிற தொகையோடு அதன் பிரீமியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வசூலுக்குப் போகிற பையனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: "தம்பி, எவனாவது மறித்தால் பையைக் கொடுத்துவிட்டு வந்துவிடு. பணத்தை நான் கேட்க மாட்டேன்." இதைச் சொல்லாததால்தான் பல பையன்கள் பையை விடாமல் பிடித்துக்கொண்டு அடிபடுகிறார்கள். போன பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் கத்தியைவிடப் பெரிதாக இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் எல்லோருக்கும் துப்பாக்கி உரிமம் கேட்டு மொத்தமாக மனுக் கொடுக்கலாம் என்று சிலர் பேசி வருகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தனிமையான இடத்தில் கிட்டங்கி வைத்திருப்பவர், மிரட்டல் வந்து போலீசில் பதிவு செய்திருப்பவர் போன்ற ஒரு சிலருக்குச் சங்கம் பரிந்துரை செய்யட்டும். மற்றவர்களுக்காகக் கடைத்தெருவில் சாயங்கால ரோந்து, தெரு விளக்கு, கூட்டாகச் சேர்ந்து கேமரா, குழு இன்சூரன்ஸ் ஆகியவற்றைக் கேட்டு மனுக் கொடுக்கட்டும். நூறு துப்பாக்கி உள்ள கடைத்தெருவைவிட நூறு விளக்கு உள்ள கடைத்தெருவுக்குத்தான் வாடிக்கையாளர் பயமில்லாமல் வருவார்.

உரிமம் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்கள் நான் முன்பு சொன்ன நடுத்தர அளவையும், நல்ல உறையையும், மாதம் ஒருமுறை பயிற்சியையும் மறக்க வேண்டாம். மற்றவர்கள் இந்த மாதமே தங்கள் வசூல் முறையை ஒரு தாளில் எழுதி, யார், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகையோடு போகிறார் என்று பார்க்கட்டும். அந்தத் தாளைப் பார்த்தாலே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். ஓட்டை தெரிந்தால் அடைப்பதற்கு வணிகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.